இதய மருத்துவர் பேசும் வாரம்

ரோட்டரி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குகிறது. புதிதாகப் பொறுப்பேற்ற நிர்வாகிகள் ஆண்டு முழுவதற்குமான வாரக் கூட்டங்களைத் திட்டமிடும்போது, அதிகம் யோசிக்காமலே எழுதிவிடும் தலைப்பு இதய நலம். செப்டம்பர் 29 உலக இதய தினம். அந்த வாரம் ஓர் இதய மருத்துவரை அழைத்துவிடலாம் என்று முடிவாகும். அவரும் வருவார். ரத்தக்குழாயில் கொழுப்பு படியும் படங்களைத் திரையில் காட்டுவார். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, சாப்பாடு. மறுநாள் உறுப்பினர் ஒருவரிடம் 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று கேட்டால் 'ரொம்ப நல்லாப் பேசினார்' என்பார். என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவிருக்காது.

ஒரு மருத்துவரின் மாலை நேரத்தையும் அறுபது உறுப்பினர்களின் மாலை நேரத்தையும் இப்படிச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. இந்தக் கூட்டத்துக்கு ஒரே நோக்கம் போதும். நெஞ்சு வலி வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மண்டபத்தை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையால் செய்து பழகியும் இருக்க வேண்டும். உணவும் நடைப்பயிற்சியும் கொலஸ்ட்ராலும் முக்கியமே. ஆனால் அவற்றைப் பற்றி நாளிதழ்களின் இணைப்புகளில் வாராவாரம் படிக்கிறோம். முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படித்துப் பழக முடியாது. நாலு பேர் கூடிய இடத்தில்தான் அது கைக்கு வரும். சங்கத்தால் செய்ய முடிந்ததும் அதுவே.

நம் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஜவுளிக்கடை, அரிசி ஆலை, மருந்துக் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், தணிக்கையாளர் அலுவலகம் என்று பகல் முழுக்க நாற்காலியில் இருப்பவர்கள். பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கு மேல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பலர். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. நம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் பிறந்த ஆண்டுகளைப் பார்த்தால் அந்த 53 எங்கே விழுகிறது என்று புரியும். பேச்சு ஊருக்குப் பொதுவானது அல்ல, நம்மைப் பற்றியது என்ற நினைப்போடு கூட்டத்தைத் திட்டமிட வேண்டும்.

ஒரு சங்கக் கூட்டத்துப் பேச்சால் என்ன ஆகிவிடும் என்று சில மூத்த உறுப்பினர்களே சலித்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டை நினைவூட்டுங்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சீடார் பாயின்ட் என்ற இடத்தில் நடந்த அரிமா சங்க மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்கான பணியை உங்கள் பணியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் தமிழ்நாட்டு ஊர்களில் அரிமா சங்கம் என்றதும் கண் சிகிச்சை முகாம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வந்தவர் எதைக் கேட்கப் போகிறார் என்பது தெளிவாக இருந்ததால் கேட்டவர்கள் எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது. நம் இதய நலக் கூட்டத்துக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

பேச்சாளரை அழைப்பது

பெரிய பெயர் உள்ள இதய மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும் என்று இல்லை. முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி நன்றாகச் சொல்லக்கூடியவர், அந்த ஒரு மணி நேரத்தில் நோயாளியைப் பார்ப்பவர். அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், ஊரில் நாற்பது வருடமாக கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர், 108 ஆம்புலன்ஸில் பணியாற்றும் மருத்துவ உதவியாளர் ஆகியோரில் யாரும் இதற்குத் தகுதியானவரே. என்னைக் கேட்டால் ஒரு மருத்துவரையும் ஒரு 108 பணியாளரையும் சேர்த்து அழைக்கச் சொல்வேன். மருத்துவமனை வாசலுக்கு உள்ளே நடப்பதை ஒருவர் அறிவார். வாசலுக்கு வெளியே நாம் செய்யும் தவறுகளை மற்றவர் தினமும் பார்க்கிறார்.

அழைப்பு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே போக வேண்டும். மாலை நேரம் மருத்துவர்களுக்கு ஓ.பி. நேரம். தொலைபேசியில் பேசும்போது 'இதயத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்க சார்' என்று விட்டுவிடாதீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"டாக்டர், வணக்கம். அறுபது பேர் வருவாங்க. பாதிக்கு மேல குடும்பத்தோட. பெரும்பாலும் அம்பதைத் தாண்டினவங்க. நீங்க தமிழ்லயே இருபது நிமிஷம் பேசணும். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா போதும்: நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா என்ன பண்றது, எங்க போறது?"

இப்படிக் கேட்டால் மருத்துவர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்பது ஸ்லைடுகளை அப்படியே கொண்டுவர மாட்டார். நம் ஊருக்காக யோசித்துக்கொண்டு வருவார். அவசர அழைப்பு வந்து அவரால் வர முடியாமல் போகலாம் என்பதால், வேறு யார் பேசுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இதய மருத்துவரை அழைக்கும் சங்கத்துக்கு இது வழக்கமாக நேர்வது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே கனிவாக, ஆனால் தெளிவாகப் பேசிவிட வேண்டும். சில தனியார் மருத்துவமனைகள் பேச்சாளரோடு விளம்பரப் பிரிவு ஊழியரையும் அனுப்பும். நாற்காலிக்கு நாற்காலி முழு உடல் பரிசோதனைத் தள்ளுபடிக் கூப்பன் வைக்கப்படும். பேச்சு முடிவதற்குள் கேட்பவர்கள் மனதில் 'இது வியாபாரம்' என்ற எண்ணம் விழுந்துவிடும். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நல்லதும் ஏறாது. துண்டுப் பிரசுரம், கூப்பன், முன்பதிவு மேசை எதுவும் மண்டபத்துக்குள் வேண்டாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். நல்ல மருத்துவர்கள் இதற்கு மகிழவே செய்வார்கள்.

மணி அடிப்பதற்கு முன்

கூட்டம் ஏழரைக்கு என்றால் ஆறே முக்காலுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை தயாராக இருக்க வேண்டும். இது அலங்காரத்துக்கான ஏற்பாடு அல்ல. உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் உடம்பில் இருக்கும். பார்த்தால் மட்டுமே தெரியும். ஆனால் சங்கங்களில் அதைப் பார்க்கும் விதம் பெரும்பாலும் தவறு. உறுப்பினர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வருவார், கையில் காபி டம்ளர் இருக்கும், பக்கத்தில் உள்ளவரோடு பேசிக்கொண்டே கையை நீட்டுவார், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். அப்படி வரும் எண்ணை நம்பி எதுவும் செய்ய முடியாது.

முதுகு சாயக்கூடிய நாற்காலி வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை, மேசை மேல் இதயத்தின் உயரத்துக்கு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் எதுவும் கூடாது. ஆகவே அன்றைக்கு மட்டும் காபியை மேசைக்கு அந்தப் பக்கம், பார்த்து முடித்தவர்களுக்கு வைக்கச் சொல்லுங்கள். பருமனான கைக்குப் பெரிய பட்டை தனியாக வேண்டும். சிறிய பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வாய்விட்டுப் படிக்க வேண்டாம். 'அண்ணாச்சிக்கு நூத்தி எழுபது' என்று ஒரு குரல் எழுந்தால், அடுத்து நிற்கும் நான்கு பேர் வரிசையிலிருந்து நழுவிவிடுவார்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய் என்று அன்றே முடிவு கட்ட வேண்டாம். வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதுங்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் அவர் கூட்டத்தில் உட்காரக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மேடையில் நேரம்

வாரக் கூட்டத்தின் நேரத்தை விழுங்குபவை நமக்கு எல்லோருக்கும் தெரிந்தவையே: தாமதமாக அடிக்கப்படும் மணி, பிறந்தநாள் மணநாள் வாழ்த்துகள், செயலாளர் அறிக்கை, அடுத்த மாவட்ட மாநாட்டுக்கான வேண்டுகோள், அதன் பிறகு பேச்சாளரின் பட்டங்களை முதல் வகுப்பிலிருந்து வாசிக்கும் அறிமுக உரை. மருத்துவர் மைக்கைப் பிடிக்கும்போது எட்டரை மணி தாண்டியிருக்கும். சமையல் வாசனை வந்துகொண்டிருக்கும்.

அந்த வாரம் அறிவிப்புகளை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். வாழ்த்துகளைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம். அறிமுகம் ஒரு நிமிடம். ஏழே முக்காலுக்குப் பேச்சு தொடங்கி எட்டேகாலுக்குள் முடிந்தால், பயிற்சிக்கு அரை மணியும் கேள்விகளுக்குக் கால் மணியும் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மணி அடித்துக் கூட்டத்தை முடிக்கலாம். நேரத்தைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை, கூட்ட ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜென்டிடம் கொடுங்கள். தலைவரே மருத்துவரைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டுவது மரியாதையாக இருக்காது.

பேச்சில் எவை கட்டாயம் வர வேண்டும் என்பதை மருத்துவரோடு முன்பே பேசிக்கொள்ளலாம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று திடீரென்று அடைபடுவது. அடைபட்ட நேரத்திலிருந்து தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப வராது. அடைப்பை நீக்க ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது, ஆஞ்சியோபிளாஸ்டி இருக்கிறது. இரண்டுக்கும் பலன் நேரத்தைப் பொறுத்தது. முதல் ஒரு மணியில் வந்தவருக்குக் கிடைப்பது ஆறாவது மணியில் வந்தவருக்குக் கிடைக்காது.

அந்த ஒரு மணி நேரம் நம் வீடுகளில் எப்படிப் போகிறது? 'வாயுவா இருக்கும்' என்ற பேச்சில் போகிறது. சோடா உடைத்துக் கொடுப்பார்கள். ஓமத்திரவம், இஞ்சிச் சாறு, முதுகில் தைலம். 'விடியட்டும், பார்த்துக்கலாம்' என்பார்கள். இதை மருத்துவர் தன் வாயால், அழுத்தமாக, இரண்டு முறை சொல்ல வேண்டும்: நெஞ்சில் இருப்பது வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது, இ.சி.ஜி. வேண்டும். நெஞ்சு நடுவில் அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், அது இடது கை, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவினாலும், கூடவே வியர்த்துக் கொட்டினாலும் மூச்சு வாங்கினாலும் கிளம்பிவிட வேண்டும். வாயுவாக இருந்தால் ஒரு இ.சி.ஜி. செலவோடு திரும்பிவரலாம்.

பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும். காரணமில்லாத மூச்சுத் திணறல், குமட்டல், திடீரென்று அடித்துப்போட்டது போன்ற களைப்பு ஆகியவையே அறிகுறியாக இருக்கலாம். வீட்டில் அம்மா 'ஒண்ணுமில்லடா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று சொல்லும்போது அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தன் உடம்பைக் கடைசியாகக் கவனிக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. அதனாலேயே அவர்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்துசேர்கிறார்கள்.

எப்படிப் போவது என்பதும் பேச்சில் வர வேண்டும். தானே கார் ஓட்டிப் போகக் கூடாது, பைக்கின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகக் கூடாது, மாடிப்படி இறங்கி நடக்கவிடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் இந்த ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற பணியாளரும் இருக்கிறார். கிராமத்து உறுப்பினர்களுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். 2023 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேடின். பெரிய மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் பயணம் என்றால், வழியிலுள்ள சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரைகள் கிடைப்பது பெரிய விஷயம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனைகளுக்கும் மருத்துவர் இரண்டு நிமிடம் ஒதுக்கட்டும். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. அதை நம்பி இருமிக்கொண்டிருந்தால் உதவிக்கு அழைக்க வேண்டிய நேரம் வீணாகும். சார்பிட்ரேட் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்து யாருக்கு நெஞ்சு வலித்தாலும் நாக்கின் அடியில் வை என்பது இன்னொன்று. அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே அது மருந்து.

தரையில் உட்கார்ந்து பழகுவது

பேச்சு முடிந்ததும் நாற்காலிகளைப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். நெஞ்சழுத்தப் பயிற்சிக்கான பொம்மைகளை நர்சிங் கல்லூரியிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ மருத்துவமனையிலோ இரவல் கேட்கலாம். அறுபது பேருக்கு நான்கு பொம்மையாவது வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து மேடையில் செய்துகாட்டினால் அது வேடிக்கையாகவே முடியும். எவர் கையும் பழகாது.

இந்த அழுத்தம் மாரடைப்பு வந்த எல்லோருக்கும் அல்ல, இதயம் நின்றுபோனவருக்கு. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் பேசுவார், வலிக்கிறது என்பார். இதயமே நின்றுபோனவர் சரிந்து விழுவார், தட்டினாலும் கூப்பிட்டாலும் அசைய மாட்டார், இயல்பான மூச்சு இருக்காது. இடையிடையே ஏங்கி ஏங்கி இழுப்பது மூச்சு அல்ல. 'மூச்சு இருக்கு' என்று அதைப் பார்த்துப் பலர் காத்திருந்துவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். எந்த ஆம்புலன்ஸும் பெரும்பாலும் அதற்குள் வர முடியாது. அந்த நேரத்தில் அருகில் இருப்பவரின் இரண்டு கைகள்தான் இருக்கின்றன.

ஒருவர் 108-ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட, இன்னொருவர் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன் மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வரவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு பலம் தேவை என்பது பொம்மையின் மேல் கை வைத்த பிறகே தெரியும்; முதல் முறை பெரும்பாலும் எல்லோரும் பாதி ஆழமே அழுத்துவார்கள். விலா எலும்பு முறிந்துவிடுமே என்ற பயம் எழும். முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

இந்தக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இதயம் நின்றுபோகும் சம்பவங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நடக்கின்றன. உறுப்பினருக்கு ஒன்று ஆனால் அழுத்த வேண்டியவர் அவர் மனைவி, மகள், வீட்டு ஓட்டுநர். பட்டுப் புடவையில் வந்து தரையில் மண்டியிடத் தயங்குவார்கள் என்பதால் அழைப்பிதழிலேயே எளிய உடையில் வரச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒரு பொம்மையைத் தாழ்வான பெஞ்சின் மேல் வையுங்கள், தாளமாவது பழகட்டும். பெண்கள் முதலில், தனி வட்டமாகச் செய்தால் கூச்சம் குறையும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

கேள்வி நேரம்

கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மைக்கைக் கொடுத்தால் முதல் ஆள் தன் ஆஞ்சியோகிராம் கதையைத் தொடங்கிவிடுவார்; ஆறு நிமிடம் போய்விடும். அவர் கவலை உண்மையானது, ஆனால் அதற்குரிய இடம் மருத்துவரின் அறை.

எந்த ஊரானாலும் முதல் சீட்டு எண்ணெயைப் பற்றியதே. செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா, தேங்காய் எண்ணெயா? எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பதே பெரிய கேள்வி. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்பது உணவியல் நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புக்கும் இதே வழி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேருக்கு மாதம் அறுநூறு கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும் வீட்டில், அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அதற்கு மேலே. பெண்களிடம் மட்டும் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு ஆண்கள் நகர்ந்துவிடக் கூடாது; 'உப்பு பத்தலை' என்று தட்டைத் தள்ளுபவர்கள் நாமே.

அடைப்பைக் கரைக்கும் சாறு பற்றி நிச்சயம் ஒரு சீட்டு வரும். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர் கலந்த கலவை. அது ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பூண்டு சாப்பிடுவதில் தவறில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் எண்ணிக்கை அதிகம். சரியாக இருப்பதே மாத்திரையால்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காகக்கூட மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சாப்பாடு

பரோட்டா, கோபி 65, ஃப்ரைடு ரைஸ், குலாப் ஜாமூன், ஐஸ்கிரீம் என்று வழக்கமான பட்டியலை அன்றைக்கு வைத்தால் மேடையில் சொன்னதை நாமே தட்டில் மறுத்துவிடுகிறோம். சமையல் மாஸ்டரிடம் இரண்டு நாள் முன்பே பேசுங்கள். "மாஸ்டர், பொரிச்சது வேண்டாம். ஊறுகாய், அப்பளம் டேபிள்ல வைக்காதீங்க. ஆனா ருசி குறையக் கூடாது" என்று சொன்னால் அவருக்குப் புரியும். கொண்டைக்கடலைச் சுண்டல், இட்லி, எண்ணெய் குறைத்த காய்கறிக் குருமாவோடு சப்பாத்தி, கீரைக் கூட்டு, ஆவியில் வெந்த மீன், உப்பு குறைத்த மோர், பப்பாளி, கொய்யா. பத்தியச் சாப்பாடு போட்டால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். நன்றாகச் சமைத்தால் சமையல் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கூட்டத்துக்குப் பின் மது பரிமாறும் வழக்கம் உள்ள சங்கங்கள் அந்த ஒரு நாள் அதைத் தவிர்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பிறகு

மாதத்துக்கு இரண்டு கூட்டம் போதும் என்று ரோட்டரி 2016-இல் விதியைத் தளர்த்திய பிறகும் பல சங்கங்கள் வாரந்தோறும் கூடுகின்றன. ஒரு நாள் மருத்துவ முகாமுக்கு இல்லாத பலம் இதில் இருக்கிறது: அதே ஆட்களை அடுத்த வாரமும் பார்க்கிறோம். சீட்டில் 140/90-க்கு மேல் இருந்தவர்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில், மணி அடிப்பதற்கு முன், மறுபடியும் பாருங்கள். நான்கு வாரம் கழித்து அதே பொம்மைகளை வரவழைத்து கால் மணி நேரம் மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். கை பழகியது மறக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது தூசி தட்ட வேண்டும்.

ஊருக்காகச் செய்ய விரும்பும் சங்கங்கள் முகாம் நடத்தி, படம் எடுத்து, மாவட்ட இதழுக்கு அனுப்புவதோடு நின்றுவிடுகின்றன. நூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்து இருபது பேருக்கு அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தால் அந்த இருபது பேருக்குக் கிடைத்தது கவலை மட்டுமே. அவர்கள் பெயரை அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பட்டியலில் அவர்கள் சேர்ந்தார்களா என்று அடுத்த மாதம் போய்ப் பாருங்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைப் பேருந்து நிலையத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ வாங்கித் தர நினைப்பவர்கள், வாங்குவதற்கு முன் அங்குள்ள காவலாளிக்கும் மேலாளருக்கும் பயிற்சி கொடுங்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும் கருவி யாருக்கும் உதவாது. அதன் பேட்டரிக்கும் ஒட்டுப் பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. யார் பார்ப்பது என்று ஒரு உறுப்பினரின் பெயரை எழுதிவையுங்கள்.

கடைசியாக, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை அச்சடித்துக் கொடுங்கள். அதில் 108, இரவிலும் இ.சி.ஜி. எடுக்கும் அருகிலுள்ள மருத்துவமனை, இருபத்து நான்கு மணி நேரமும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடம், அவர் சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட எண் ஆகியவை இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும்படி சொல்லுங்கள். பர்ஸில் இருந்தால் பதற்றத்தில் யாருக்கும் கிடைக்காது.

அந்த அட்டையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் செயலாளரும் இன்னொரு உறுப்பினரும் ஓர் இரவு உங்கள் ஊர் மருத்துவமனைகளுக்கு நேரில் போக வேண்டும். இப்போது ஒருவர் நெஞ்சு வலியோடு வந்தால் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுப்பீர்களா, கட்டியைக் கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை இரவு மருத்துவர் இருப்பாரா என்று கேட்டு, கிடைக்கும் பதிலை மட்டும் அட்டையில் எழுதுங்கள். பெயர்ப் பலகையில் 24 மணி நேரம் என்று இருப்பதை நம்பி எழுதாதீர்கள்.